ஆற்றுக்குப் பச்சை, ரோட்டுக்குச் சிவப்பு

ஆற்றுக்குப் பச்சை, ரோட்டுக்குச் சிவப்பு. ஆற்றுக்குப் பச்சை. நான் மாற்றிக் கட்டிவிட்டேனா?

நஜ்முன்னிசா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்கி முடித்த அரிசியையே மறுபடியும் கொட்டிப் பொறுக்குகிறோம் என்பது மூன்றாவது தடவைதான் அவளுக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து இப்படித்தான் இருந்தாள். கை ஒரு வேலையைச் செய்யும்; மனசு இரண்டு நூல்களை முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டே இருக்கும். இன்று புதன்.

ஞாயிறன்று புருஷனின் சைக்கிள் கடை வாசலில் யாரோ ஓடிவந்து, "பந்தயத்துல சின்னச்சாமி விழுந்துட்டான், முன் டயரு வெடிச்சிருச்சு, கை போச்சு" என்று சொன்னது உள்ளே அவள் காதில் விழுந்தது. கை போச்சு என்பதை எல்லோரும் சொல்வதுபோல்தான் எடுத்துக்கொண்டாள். சுட்டுக்கொண்டாலும் கை போச்சு, கதவில் விரல் நசுங்கினாலும் கை போச்சு. நேற்று சாயங்காலம் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்களாம். எலும்பு வெளியே வந்து மண் ஏறி அழுகிவிட்டதாம். வந்தவன் அதையும் அதே இரண்டு வார்த்தையில்தான் சொன்னான்.

அதைக் கேட்டதும் அவள் அழவில்லை. தன் வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள்.

மதுரையில், காஜிமார் தெருவையொட்டிய சந்தில் உமர் பாரூக்கின் சைக்கிள் கடை. கடைக்குப் பின்னால் வீடு. நடுவில் ஒரு கதவு, அந்தக் கதவில் ஒரு நீலத் திரை. நஜ்முன்னிசா அவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எட்டு வருஷத்தில் அந்தத் திரையைத் தாண்டிக் கடைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. ஆனால் திரைக்கு அடியில் சக்கரங்கள் உருண்டு வந்தன. முதல் வருஷம், கையில் அடிபட்டிருந்த உமர், "நீ செத்த நேரம் இந்த ட்யூபை ஒட்டிக் குடேன்" என்று கேட்டான். ஒட்டிக் கொடுத்தாள். அவன் ஒட்டியதைவிட நன்றாக இருந்தது. அதைப் பற்றி இரண்டு பேருமே எதுவும் பேசவில்லை. மறுநாள் இன்னும் இரண்டு ட்யூப் வந்தது.

ஊரைச் சுற்றியிருக்கும் மண்ணை அவள் டயரில்தான் பார்த்தாள். பரவை வயல் மண் காய்ந்தால் சாம்பல் நிறத்தில் தானாக உதிரும். அவனியாபுரம் கண்மாய்க் கரிசல் உதிராது. கத்தி வைத்துச் சுரண்ட வேண்டும். வைகை மணலில் காக்காப்பொன் மின்னும். கருவேல முள் ஆழமாகப் போய் உள்ளேயே ஒடியும், நெருஞ்சி மேலோடு நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு டயரைத் தடவினால் அது எந்தப் பக்கம் போய் வந்தது என்று அவளால் சொல்ல முடியும். பரவையை அவள் பார்த்ததில்லை. கேட்டால் வழி சொல்வாள்.

மாரிக்காலம் முடிகிற சமயத்தில் பரவைச் சந்தைக்காரர்கள் வருஷாவருஷம் ஒரு சைக்கிள் பந்தயம் விடுவார்கள். ரோட்டுப் பந்தயம் இல்லை. பரவைச் சந்தையில் புறப்பட்டு, வரப்பிலும் வயலிலும் இறங்கி, வைகையை மணலோடு கடந்து, தென்கரையில் ஏறி, சேற்றில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி, அவனியாபுரம் கண்மாயில் போய் முடிக்க வேண்டும். பரவைக்காரனான சின்னச்சாமி உமர் கடைச் சைக்கிளில் மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்தான். "உமர் அண்ணே கை வச்சா வண்டி பறக்கும்" என்று ஊரே சொன்னது. திரைக்குப் பின்னால் அதைக் கேட்கும்போதெல்லாம் நஜ்முன்னிசாவுக்குச் சிரிப்பும் வரும், ஒரு ஏக்கமும் வரும். எல்லாம் அவ கைவேலைதான் என்று ஒரு தடவை, ஒரே ஒரு ஆளிடம், அவர் சொன்னால் என்ன? அந்த நினைப்பை அவள் உடனே அடுப்பில் போட்டுவிடுவாள்.

சக்கரத்தில் கயிறு வந்ததும் இப்படித்தான். எந்தச் சக்கரம் எந்தத் தரைக்கு என்று உமருக்கு நினைவு நிற்காது. அதனால் முன் சக்கரத்தில், காற்றடிக்கிற வால்வின் அடியில், நூல் கட்டிவிடுவாள். மணலுக்கும் சேற்றுக்கும் பச்சை. கெட்டித் தரைக்குச் சிவப்பு. சின்னச்சாமி ஓட்டிய முதல் வருஷம் யாரோ, "என்னண்ணே, சக்கரத்துல கயிறு?" என்று கேட்க, உமர் விளையாட்டாக, "தர்காவுல ஓதிக் கட்டுனது" என்று சொல்லிவிட்டான். அந்த வருஷம் சின்னச்சாமி ஜெயித்தான். அதன்பிறகு அது ஓதின கயிறாகவே ஆகிவிட்டது. சின்னச்சாமி சைக்கிளில் ஏறுமுன் அந்த நூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வானாம். "பொய்க்கு அல்லா பேரை இழுக்குறீங்களே" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "நானா இழுத்தேன், அவனுகளே இழுத்துக்கிட்டானுக" என்றான் உமர்.

இந்த வருஷம் சனிக்கிழமை, பந்தயத்துக்கு முதல் நாள், உமர் திரையை விலக்கிக்கொண்டு வந்தான்.

"மேக்க கருத்துக் கெடக்கு. ஆத்துல தண்ணி வந்தாலும் வரும். வந்துச்சுன்னா ஆத்துக்குள்ள எறங்கக் கூடாது, பாலத்தைச் சுத்தி வில்லாபுரம் வழியாப் போகணும்னு சொல்லிட்டாங்க. காலையில அங்க வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்களாம்."

"அப்ப ரெண்டு ஜோடிச் சக்கரமும் கொண்டு போங்க."

"ரெண்டு ஜோடியா? சீர் தூக்கிட்டுப் போற மாதிரி தூக்கிட்டு அலையச் சொல்றியா?"

அவள் சக்கரங்களை அவன் முன் சாய்த்து வைத்தாள். ஒரு ஜோடியில் அகலமான, ஆழமாகப் பல் வைத்த சீமை டயர். நில அளவைக்காரர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது விற்ற சைக்கிளோடு வந்தது. அந்தப் பல் மதுரையில் வேறு எங்கும் கிடைக்காது. ஆனால் முன் டயரின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு இருந்தது. அவள் உள்பக்கம் கித்தான் துணி வைத்துத் தைத்து, ட்யூப் ஒட்டுகிற சொல்யூஷன் பசையைத் தடவி ஒட்டியிருந்தாள். வெளியே பார்த்தால் தெரியாது. இன்னொரு ஜோடி தேய்ந்து பல்லே இல்லாத மொட்டை டயர். பார்க்க அசிங்கம். ஆனால் உள்நூல் ஓரிடத்திலும் விட்டுப்போகாத உடம்பு.

"மணல்ல சக்கரம் அகலமா உக்காரணும், ஊசி மாதிரி நின்னா முங்கிரும். அதனால பச்சையில காத்து கொஞ்சந்தான். கட்டைவிரல வச்சு அமுக்குனா பள்ளம் விழணும். அந்த வெட்டு அம்புட்டுக் காத்தைத்தான் தாங்கும். கல்லு மாதிரி அடிச்சா பிச்சுக்கிரும். பாலத்து வழின்னா மொட்டையைப் போடுங்க, அதுல எம்புட்டு வேணும்னாலும் அடிக்கலாம். கேக்குறீங்களா?"

"கேக்குறேன் கேக்குறேன். ஆத்துக்குப் பச்சை, ரோட்டுக்குச் சிவப்பு. வருஷாவருஷம் இதே பாட்டு."

திரைக்கு அந்தப் பக்கம் சின்னச்சாமியின் குரல். "மதினி, நாளைக்கு ஜெயிச்சா உங்களுக்குப் பரவையிலருந்து ஒரு பொட்டைக்கோழி."

"போன வருஷம் சொன்ன கோழியே இன்னும் முட்டைக்குள்ள இருக்கு மாப்ள," என்றான் உமர்.

"அண்ணே, கயிறு ஓதியாச்சா?"

"ஆச்சு ஆச்சு."

அவளும் சிரித்தாள். சத்தம் வராமல், முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு. சின்னச்சாமி மூன்றடி தள்ளி நின்றான். நாளைக்கு அந்தச் சக்கரத்தின் மேல் உட்காரப் போகிறவன் அவன். தம்பி, பல் டயர்ல வெட்டு இருக்கு, கல்லு மாதிரி அடிக்க விடாதீங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை. சொன்னால் யார் கை என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

இந்த நான்கு நாளாக அவள் திரும்பத் திரும்ப வந்து நின்றது இந்த இடத்தில் இல்லை. இதற்குப் பக்கத்தில். கயிறு கட்டின நிமிஷத்தில். விளக்கேற்றுகிற நேரம், வெளிச்சம் மங்கல். மங்கலில் பச்சையும் சிவப்பும் ஒன்றுபோல்தான் தெரியும். மாறிப் போயிருக்கலாம். மாறிப் போயிருந்தால், ஒரு ஆளுடைய கையை வாங்கினது அவள் கை.

அரிசியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். உமர் ஞாயிறன்று போட்டிருந்த சட்டை கொல்லை மூலையில் சுருண்டு கிடந்தது. சின்னச்சாமியைத் தூக்கிய ரத்தம் மார்பு முழுக்கக் கறுத்துப் போயிருந்தது. மூன்று நாளாக அதைத் தொடப் பயந்து விட்டிருந்தாள். இன்றைக்கு வாளியில் தண்ணீர் ஊற்றி, முக்குவதற்கு முன்னால் வழக்கம்போல் சட்டைப் பைக்குள் கையை விட்டாள்.

இரண்டு நூல்கள். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு.

அவிழ்த்து எடுத்ததல்ல. முடிச்சு முடிச்சாகவே இருந்தது. முடிச்சுக்குப் பக்கத்தில் பிளேடு போட்டுச் சாய்வாக அறுத்திருந்தார்கள்.

கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, வேறு வழி தெரியாமல், விரலால் தடவினாள். பச்சை நூலின் முடிச்சு விறைப்பாக இருந்தது. சொல்யூஷன் காய்ந்த விறைப்பு. கித்தானை ஒட்டின கையைத் துடைக்காமலேயே அதைக் கட்டியிருக்கிறாள். சிவப்பு நூல் மெத்தென்று, சுத்தமாக இருந்தது. மொட்டை டயரில் ஒட்டுவேலை எதுவும் இல்லை. கை கழுவி, பிற்பகல் அசர் தொழுகையை முடித்து வந்து கட்டியது அது. அப்படியானால் கட்டியபோது வெளிச்சம் இருந்திருக்கிறது. மங்கல் எல்லாம் அவள் மனசு பிறகு கொண்டுவந்து போட்டது.

நான் மாற்றிக் கட்டவில்லை.

நான்கு நாளாக இந்த ஒரு வரிக்காகத்தான் ஏங்கினாள். வந்துவிட்டது. வந்தும் நெஞ்சின் பாரம் இறங்கவில்லை. அறுத்த நூல் உமரின் சட்டைப் பையில் ஏன் வந்தது என்ற கேள்வி அதற்கு மேல் ஏறி உட்கார்ந்தது.

மத்தியானம் உமர் சாப்பிட வந்தான். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில், தண்ணீர்க் குவளையை ஒட்டி, இரண்டு நூலையும் வைத்திருந்தாள். அவன் அதைப் பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான்.

"எங்க கெடந்துச்சு?"

"உங்க சட்டையில."

தட்டைப் பார்த்தபடியே சொன்னான். "அவனியாபுரத்து அழகுமலை பந்தயத்துல ஒரு ஆளை எறக்கியிருந்தான். சக்கரத்தைப் பாத்துட்டு, மந்திரிச்ச கயிறு கட்டி ஓட்டுறவன்கூட எங்க ஆளு ஓட்டமாட்டான்னு நின்னுட்டான். சின்னச்சாமி அறுக்க வேணாம்னுதான் சொன்னான். அப்புறம் அவனும், போனாப் போவுது, அறுத்துருங்கண்ணேன்னுட்டான். அழகுமலை சும்மா இல்ல. ஏன் உமரு, உனக்குக் கை இருக்கா, கயிறு மட்டுந்தானான்னான். எல்லாரும் சிரிச்சானுக."

"அது மந்திரிச்சது இல்ல, அடையாளம்னு சொல்லியிருக்கலாம்."

"யாரு கட்டுன அடையாளம்னு கேப்பான்."

அவள் குவளையில் தண்ணீர் ஊற்றி அவன் பக்கம் நகர்த்தினாள்.

"அறுத்துப் பையில போட்டேன். பின்னாடியே ஆள் ஓடி வாரான், ஆத்துல தண்ணி வந்துருச்சு, பாலத்து வழின்னு. ரெண்டு ஜோடியும் தரையில கெடக்கு. சிவப்பு எதுல இருந்துச்சு, பச்சை எதுல இருந்துச்சுன்னு அந்த நேரத்துல சத்தியமா வரல நஜ்மு. ஒண்ணு பல்லு பல்லா புதுசாட்டம் இருக்கு. ஒண்ணு மொட்டை. எரநூறு பேர் பாத்துக்கிட்டு நிக்கிறான். மொட்டை டயரை எப்படி மாட்டச் சொல்ற?"

"எம்புட்டுக் காத்து அடிச்சீங்க?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "கல்லு மாதிரி," என்றான்.

வில்லாபுரம் தாண்டி, கண்மாய்க் கரையிலிருந்து ரோடு இறங்குகிற சரளைச் சரிவில் அது வெடித்தது. சத்தம் வேட்டுப் போட்டது போலிருந்ததாம். அவள் தைத்த தையல். ஒவ்வொரு இழையாக அது விடுவதை அவளால் பார்க்க முடிந்தது, அங்கே நின்றதுபோல.

"இங்க பாரு," என்றான் உமர். குரல் இப்போது தணிந்திருந்தது. அந்தத் தணிவுதான் அவளைப் பயமுறுத்தியது. "சின்னச்சாமியோட அக்கா அன்னக்கொடி இன்னைக்கு வருது. நான் நேத்தே ஆஸ்பத்திரியில வச்சுச் சொல்லிட்டேன்."

"என்னத்தை?"

"சக்கரமெல்லாம் வீட்டுலதான் தயாராகும், எல்லாம் அவ கைவேலைதான்னு."

எட்டு வருஷம். அடுப்பில் போட்ட அந்த வாக்கியம், அப்படியே, வார்த்தை பிசகாமல். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை நினைத்து அவள் பிறகு பல நாள் வெட்கப்படுவாள்.

"கயித்தை அவதான் மாத்திக் கட்டிட்டான்னு சொன்னேன்," என்று அவன் முடித்தான். "பல்லு டயர்ல சிவப்பு இருந்ததைப் பாத்துத்தான் மாட்டுனேன்னு சொல்லிட்டேன். அன்னக்கொடி உன் வாயால ஒருதடவை கேக்கணுங்குது. ஆமான்னு ஒரு வார்த்தை. பொம்பளை, தெரியாமப் பண்ணிட்டான்னா அதுக்கு மனசு ஆறிரும். நான்னு தெரிஞ்சா இந்தக் கடைப்பக்கம் ஒருத்தன் வரமாட்டான். நீ வெளியவா போகப் போற? உனக்கு என்ன கொறைஞ்சிரப் போகுது?"

சோறு தட்டில் அப்படியே இருந்தது. நஜ்முன்னிசா எதிரில் உட்கார்ந்திருந்த மனுஷனைப் பார்த்தாள். கெட்டவன் இல்லை. ஒரு நாள் கை நீட்டியதில்லை. சின்னச்சாமிக்காக மூன்று நாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கிடந்தவன். இதையெல்லாம் அவள் நினைத்தாள், நினைத்தபோதே அவன் முகம் யாரோ ஒருவருடைய முகமாகத் தெரிந்தது. உனக்கு என்ன கொறைஞ்சிரப் போகுது. அவளிடம் இருந்தது பத்து விரல்தான். மாற்றிக் கட்டினேன் என்று ஒருதடவை சொல்லிவிட்டால், நாளைக்கு ஒரு டயரைத் தடவும்போது அது சொல்வதை எதை வைத்து நம்புவாள்?

கடை வாசலில் பெண்குரல் கேட்டது. உமர் கை கழுவிக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் போனான். நஜ்முன்னிசா இரண்டு நூலையும் எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். அன்னக்கொடி உள்ளே வந்தாள்.

நாற்பது வயதிருக்கும். தாயில்லாத தம்பியை வளர்த்தவள். அவள் சேலையில் ஆஸ்பத்திரி மருந்து வாசனை இருந்தது. சண்டைக்கு வந்தவள்போல இல்லை. நஜ்முன்னிசா விரித்த பாயில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்தாள்.

"தம்பி கண்ணு முழிச்சுட்டான் மதினி. முழிச்சதுலருந்து ஒரே பொலம்பல். ஓதுன கயித்தை நான்தானே அறுக்கச் சொன்னேன், அதான் கை போச்சுங்கிறான். தன்னைத்தானே வஞ்சுக்கிட்டுக் கெடக்கான்." முந்தானையால் வாயைத் துடைத்தாள். "உங்க வீட்டுக்காரரு என்னடான்னா, அது ஓதுன கயிறே இல்ல, எம் பொண்டாட்டி கட்டுன அடையாளம், அவ மாத்திக் கட்டிட்டாங்குறாரு. எனக்கு எதுன்னு தெரியல. அவன்கிட்டப் போயி என்னத்தைச் சொல்லட்டும்? நீங்க சொல்லுங்க."

நஜ்முன்னிசா தரையைப் பார்த்தபடி இருந்தாள். திரைக்குக் கீழே உமரின் பாதங்கள் தெரிந்தன. கடைப்பக்கம் போகாமல் அங்கேயே நின்றிருந்தான்.

"அது ஓதுன கயிறு இல்லக்கா," என்றாள். "வெறும் நூலு. அதை அறுத்ததுல பாவம் ஒண்ணுமில்ல. உங்க தம்பி மேல ஒரு தப்பும் இல்லைன்னு சொல்லுங்க."

அன்னக்கொடி கண்ணை மூடித் திறந்தாள்.

"அந்த டயருல வெட்டு இருந்துச்சு. தச்சு ஒட்டுனது நான்தான். அதுல கொஞ்சமாத்தான் காத்து அடிக்கணும். சனிக்கிழமை உங்க தம்பி இந்தத் திரைக்கு அந்தப் பக்கம்தான் நின்னாங்க. நான் அவங்ககிட்ட நேரா சொல்லியிருக்கணும். கூச்சப்பட்டுச் சொல்லாம விட்டுட்டேன். அது என் தப்பு."

திரைக்குக் கீழே பாதங்கள் அரை அடி நகர்ந்தன. "மத்ததையும் சொல்லிரு நஜ்மு," என்றான் உமர். அவன் குரலில் நிம்மதி வந்துவிட்டிருந்தது.

அவள் மடியிலிருந்து இரண்டு நூலையும் எடுத்தாள். அன்னக்கொடியின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்து, பச்சையின் முடிச்சை அவள் விரலால் தொடவைத்தாள்.

"இந்த விறைப்பு, ஒட்டுப் போட்ட கையோட கட்டுனதால வந்தது அக்கா. ஆத்துக்குப் பச்சை. அந்தப் பல்லு வச்ச சக்கரத்துலதான் கட்டுனேன்."

"நஜ்மு," என்றது திரை.

"மாத்திக் கட்டுனேன்னு மட்டும் சொல்ல மாட்டேங்க," என்றாள் நஜ்முன்னிசா, திரையைப் பார்த்து, குரலை உயர்த்தாமல்.